காலியான அறைக்குக் காப்புறுதி உண்டா?

கற்பிட்டிக் கரைக்கு ஆண்டில் இரண்டு அறுவடைகள். வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கியதும், பெரும் பட்டங்களைப் பற்றிக்கொண்டு பலகைமீது நின்று களப்பு நீரிற் பாயும் வெளிநாட்டு இளைஞர் வருவர். கார்த்திகைக்குப் பின் கடல் தணிய, ஓங்கிற் கூட்டங்களைக் காணப் படகேறுவோர் வருவர். ஆலங்குடாப் பக்கத்துச் சிறு விடுதிகள் இவ்விரு பருவ வரும்படியை நம்பியே நிற்கின்றன.

விடுதிக்காரர் காப்புறுதி செய்யும்போது சாதாரண வீட்டுக்காரரினும் அதிகம் யோசிக்க வேண்டியவர். கிடுகுக் கூரைக்குத் தீப்பயம் கூடுதல். படகிலே விருந்தினர் காயமுற்றால் வழக்கு வரும். அவர்தம் பெட்டி களவுபோனாலும் பொறுப்பு வரும். இக்கடைசிப் பொறுப்பு புதிதன்று. கப்பற்காரரும் சத்திரக்காரரும் தாம் ஏற்றுக்கொண்ட பொருளுக்குத் தாமே பொறுப்பென்று பண்டை உரோமர் விதித்தனர். அவ்விதி ஒல்லாந்தரின் சட்டத்துட் புகுந்தது. கற்பிட்டியிற் கோட்டை கட்டினார்களே, அதே ஒல்லாந்தர்தாம்!

இவற்றுக்கெல்லாம் பத்திரம் உண்டு. ஆனால் விருந்தினர் வராமையால் அறை காலியாகக் கிடந்தால்?

2019 ஏப்ரல் 21 ஆம் நாள் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிற் குண்டுகள் வெடித்தன. 2018 மே மாதத்தில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 1,29,466 பேர். 2019 மே மாதத்திலோ 37,802 பேரே. கற்பிட்டி விடுதிகளில் ஓர் ஓடும் உடையவில்லை. சிக்கலே அதுதான்.

தொழில் தடைப்பட்டதால் இழந்த வருவாய்க்கு நட்டஈடு தரும் காப்புறுதி இருக்கிறது. ஆயினும் வழக்கமான பத்திரம், காப்புறுதி செய்த கட்டடத்துக்குச் சேதம் நேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. கூரை எரிந்து மூன்று மாதம் மூடினால் பணம் வரும். கூரை நன்றாயிருந்து ஆள் வராவிட்டால் வராது.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு அறைகள், அறைக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபா. நிறைந்த மாதத்தில் 18 இலட்சம். விருந்தினருள் பத்தில் ஏழு பங்கினர் குறைந்தால் மிஞ்சுவது 5,40,000. சமையற்காரரின் சம்பளமும் வங்கித் தவணையும் அவ்வாறு குறைவதில்லை.

கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென நம் அரசு 1987 இல் ஒரு நிதியத்தை நிறுவியது. மேற்கட்டணம் செலுத்தி அப்பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டவர்க்கே அது பயன்படும். அங்கும் முதலில் நோக்கப்படுவது சேதமே.

சேதமின்றியும் பணம் தரும் வாசகங்களைச் சில பத்திரங்களிற் சேர்ப்பதுண்டு: அரச ஆணையால் வழி அடைபடுதல், அயலில் தொற்றுநோய் தோன்றுதல் என்பன போல. கொவிட் காலத்தில் இவ்வாசகங்களுக்குப் பொருள் யாதென்ற வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 சனவரி 15 அன்று தீர்ப்பு பெருமளவில் காப்புறுதி பெற்றோர் பக்கமே அமைந்தது. ஆனால் அவற்றுட் சில, நோய் 25 மைலுக்குள் தோன்றியிருக்க வேண்டும் என்றன.

அந்த மைற்கணக்கைத்தான் நம் விடுதிக்காரர் கையொப்பமிடுமுன் தேட வேண்டும் என்போம். கொழும்பிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ நூறு மைல். பத்திரத்தில் 25 என்றிருந்தால், தலைநகரில் நேர்ந்ததற்காக ஆலங்குடாவில் ஒரு சதமும் கிடைக்காது. தூரத்தைக் கூட்டித் தருவார்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று முகவரிடம் கேட்டு, விடையை எழுத்திலே வாங்கிக்கொள்க. வாய்ச்சொல்லாகத் தந்த உறுதியை இழப்பு வந்தபின் எவரும் நினைவிற் கொள்வதில்லை.