மணிக்கட்டில் நரம்பு அழுத்தம்: பயிற்சியோடு ‘வலிப் பாடமும்’ சேர்வது ஏன்?

ராத்திரி 2 மணி. கை முழுக்க மதமதன்னு மரத்துப்போய் முழிப்பு வருது. எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் கொஞ்சம் தேவலை. மறுபடி படுத்தால் மறுபடியும் அதே கதை. இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது கார்பல் டனல் சிண்ட்ரோம். அந்த உதறலைக்கூட மருத்துவர்கள் ஒரு முக்கியமான அறிகுறியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

இதற்கான சிகிச்சை என்று வழக்கமாகப் பேசப்படுவது மூன்று: இரவில் மணிக்கட்டுப் பட்டை, ஸ்டீராய்டு ஊசி, அறுவை சிகிச்சை. பிசியோதெரபி எங்கோ ஓரத்தில் இருக்கும். இப்போது அந்த ஓரத்தில்தான் ஒரு நகர்வு தெரிகிறது. ‘வலி என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது’ என்று நோயாளிக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதையும் பயிற்சியோடு சேர்த்து ஒரு சிகிச்சையாகவே தரலாமா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். பாடம் நடத்தினால் கைவலி போகுமா? கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் அவ்வளவு வேடிக்கையானது இல்லை.

மணிக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் சிறு எலும்புகள், மேலே கூரை மாதிரி ஒரு கெட்டியான தசைநார். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மீடியன் என்ற ஒரு நரம்பும் இந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே லேசாக வீங்கினாலும் முதலில் அடிவாங்குவது நரம்புதான்.

ஆரோக்கியமான மணிக்கட்டில் இந்தச் சந்துக்குள் இருக்கும் அழுத்தம் பாதரச அளவில் ஒற்றை இலக்க மில்லிமீட்டர்தான். பாதிக்கப்பட்டவர்களிடம் அது 30-ஐ ஒட்டிப் போகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் இன்னும் ஏறும். நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும், கை மரத்துப்போகும். இரவுப் பட்டை செய்வதெல்லாம் மணிக்கட்டை நேராக வைத்திருப்பதுதான்.

யாருக்கு வரும்? பெண்களுக்கு அதிகம், அதிலும் நடுத்தர வயதில். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பம் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் இயந்திரங்களைப் பிடித்துச் செய்யும் வேலை ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. ‘கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சா வரும்’ என்று ஊரே சொல்வதற்கு அந்த அளவு வலுவான ஆதாரம் இல்லை. நாள் முழுக்க கீபோர்டில் குடியிருக்கும் டெஸ்க் ஆட்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.

டெஸ்ட் ஒன்று சொல்ல, வலி வேறொன்று சொல்கிறது

மீடியன் நரம்பு உணர்வு தருவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் வேறு நரம்பின் கணக்கு. இது பாடப்புத்தகம் சொல்வது. நோயாளிகள் பலர் இப்படிக் கோடு போட்டுச் சொல்வதில்லை. ‘கை முழுக்க’ என்பார்கள், முழங்கை வரைக்கும் இழுக்குது என்பார்கள், சிலருக்குத் தோள்பட்டை வரை போகும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனையின் முடிவுக்கும், நோயாளி சொல்லும் வலியின் அளவுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. ரிப்போர்ட்டில் ‘மைல்டு’ என்று வந்தவர் வலியில் தூங்காமல் தவிப்பார். ‘சிவியர்’ என்று வந்தவர், “வலியெல்லாம் இல்லீங்க, சும்மா மரத்திருக்கு” என்று சாதாரணமாகச் சொல்வார். ஒரு கையில் மட்டும் பிரச்னை உள்ளவர்களைச் சோதித்தபோது, நன்றாக இருக்கும் மறு கையும் சாதாரண அழுத்தத்துக்கே சீக்கிரம் வலிப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

மணிக்கட்டுச் சந்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. நாள்கணக்கில் வலிச் சமிக்ஞை வந்துகொண்டே இருந்தால், அதைக் கையாளும் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. தெருவில் நிற்கும் பைக்கின் திருட்டு அலாரம் மாதிரி. திருடன் கை வைத்தால் அலற வேண்டியது, பூனை தாவினாலும் அலற ஆரம்பித்துவிடுகிறது. அலாரம் பொய் இல்லை, சத்தமும் நிஜம். ஆனால் சத்தத்தின் அளவை வைத்து எத்தனை திருடன் வந்தான் என்று கணக்குப் போட முடியாது.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது இதைத் தெளிவாகவே சொன்னது: நரம்பு அனுப்பும் சமிக்ஞையும் வலியும் ஒன்றல்ல. உடல், மனம், வாழும் சூழல் மூன்றுமே வலியில் கலந்திருக்கின்றன.

பாடத்தில் என்ன சொல்லித்தருவார்கள்?

வலி பற்றிய இந்தப் பாடத்தைப் பிரபலமாக்கியவர்கள் ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட்கள் டேவிட் பட்லர், லோரிமர் மோஸ்லி. இவர்களின் ‘எக்ஸ்பிளெய்ன் பெயின்’ புத்தகம் 2003-ல் வந்தது. பெரும்பாலான ஆய்வுகள் நாள்பட்ட முதுகுவலியில்தான் நடந்தன. அங்கே கிடைத்த பாடம், விளக்கம் மட்டும் தனியாகச் செய்வது கொஞ்சம்தான், பயிற்சியோடு சேரும்போதுதான் பலன் கூடுகிறது என்பது.

காரணம் எளிது. கையை அசைத்தால் நரம்பு இன்னும் கெட்டுவிடும் என்று பயப்படுபவரிடம் தினமும் பயிற்சி செய்யச் சொன்னால் செய்வாரா? மூணாவது நாள் நிறுத்திவிடுவார். விரல் அசைவில் நரம்பு அறுந்துவிடாது, பயிற்சியின்போது லேசாகச் சுரீர் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் வெகுநேரம் அடங்காமல் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி ஏன் கூடுகிறது... இதெல்லாம் புரிந்தால்தான் பட்டையைக் கட்டுவார், நரம்பையும் தசைநாண்களையும் சந்துக்குள் மெல்ல நழுவவிடும் பயிற்சியைத் தொடர்வார்.

ஆதாரம் எவ்வளவு?

ஆஸ்திரேலியாவில் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த 105 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2020-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் குழுவாக உட்கார வைத்து விளக்கம், இரவுப் பட்டை, வீட்டில் செய்யப் பயிற்சிகள். இன்னொரு பிரிவு வழக்கம்போல் காத்திருந்தது. 24 வாரம் கழித்துப் பார்த்தால், காத்திருந்தவர்களில் 80% பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். விளக்கமும் பயிற்சியும் பெற்றவர்களில் 59%.

நல்ல வித்தியாசம்தான். ஆனால் இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். பாடம் கேட்டவர்களிலும் பாதிக்கு மேல் கத்திக்குத்தான் போயிருக்கிறார்கள். பலன் தந்தது விளக்கமா, பட்டையா, பயிற்சியா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை, மூன்றும் ஒரே பொட்டலமாகத் தரப்பட்டவை.

2015-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வு வேறு மாதிரி. 120 பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று முறை பிசியோதெரபி, மீதிப் பேருக்கு அறுவை சிகிச்சை. பிசியோதெரபி மணிக்கட்டோடு நிற்கவில்லை, கழுத்து, தோள் என்று மேலே வரை போனது. முதல் 3 மாதத்தில் பிசியோதெரபி பிரிவு முன்னால் இருந்தது, 6 மாதம், 12 மாதத்தில் இரண்டும் சமம். ஆண்கள் இந்த ஆய்வில் இல்லை என்பதையும் கவனிக்கணும்.

ஆக, வலிப் பாடம் மட்டுமே கார்பல் டனலைச் சரிசெய்யும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். முதுகுவலியில் பல நேரம் அழுத்தும் பொருள் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. இங்கே நிஜமாகவே ஒரு நரம்பு இடுக்கில் சிக்கியிருக்கிறது.

‘நரம்பு நசுங்கிடுச்சு’

இங்கேதான் நம்ம ஊர் பிரச்னை. கை மரத்தாலே ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர் வைத்து, மெடிக்கலில் கேட்டு சத்து மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நமக்கு உண்டு. கிளினிக்கில் அவசரத்தில் ‘நரம்பு நசுங்கிடுச்சு’, ‘தேய்ஞ்சு போச்சு’ என்று ஒரு வார்த்தை விழும். அதோடு ஒருவர் வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். கையைப் பயன்படுத்தாமலே விட்டால் அது இறுகும், பலமும் குறையும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘வலி மூளையில் உருவாகிறது’ என்பதை ‘எல்லாம் உங்க மனசுலதாம்மா’ என்று மொழிபெயர்த்துவிடுவது. ஏற்கெனவே வீட்டில் ‘சும்மா சாக்கு சொல்றா’ என்று கேட்டுச் சலித்த பெண்ணிடம் சிகிச்சையாளரும் இதையே சொன்னால், அவர் அடுத்த முறை வரவே மாட்டார். தமிழில் இந்தப் பாடத்தை நடத்துபவருக்கு முதல் வேலையே இந்த வார்த்தைகளைச் சரிசெய்வதுதான் என்று தோன்றுகிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மரத்துப்போவது வந்து வந்து போகாமல் எப்போதும் இருந்தால், கையிலிருந்து பொருள் நழுவினால், சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டால், கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு பள்ளமானால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அந்தச் சதை கரைந்த பிறகு அறுவை சிகிச்சை செய்தால், இரவு வலி குறையும், ஆனால் போன பலம் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4%, தேசிய அளவு 11.4%. அதனால் இங்கே கை மரத்துப்போவதாகச் சொல்பவருக்குச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. நீரிழிவு நேரடியாகவே நரம்புகளைப் பாதிக்கும், அது பொதுவாகக் கால் பாதங்களில் தொடங்கும். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வில் தரப்பட்ட மூன்றுக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பட்டை, சில பயிற்சிகள், உட்கார்ந்து பேச நேரம். இதில் பட்டையைக் கடையில் வாங்கிவிடலாம். கூட்டம் நெருக்கும் புறநோயாளிகள் பிரிவில் அந்த நேரத்தை யார் ஒதுக்குவது என்பதுதான் கேள்வி.