டீ உங்களுக்கு, வெயில் நாய்க்கா?

போன மே மாதம். ஆண்டகளூர்கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை, மதியம் ரெண்டு மணி. பெங்களூர் பக்கமிருந்து தெற்கே போகிற கார் ஒன்று வந்து நின்றது. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். டீ, பஜ்ஜி, ஜூஸ், போன். பின் சீட்டில் ஒரு லாப்ரடார். கண்ணாடி ரெண்டு விரல் அளவுக்கு இறக்கி, கார் பூட்டியிருந்தது. நாக்கு முழுசாக வெளியே தொங்க, எச்சில் ஒழுக அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"சார், நாய் உள்ள இருக்குதுங்க" என்றேன்.

"கண்ணாடி இறக்கித்தான் இருக்கு தம்பி, ஒண்ணும் ஆகாது. எங்களுக்கு அது நாய் இல்ல, மூணாவது பிள்ளை."

மற்ற ரெண்டு பிள்ளைகளும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

டீக்கடை அக்கா ஒரு குண்டாவில் தண்ணீர் மொண்டுகொண்டு போய், "கதவத் தொறங்க" என்றார். திறந்தார்கள். குண்டா காலி. இரண்டாவது குண்டாவும் காலி.

அந்த ஒரு ஆளைத் திட்ட இதை எழுதவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு இந்த ரோட்டில் நின்று பாருங்கள், இதே மாதிரி நிறையப் பேர் போவார்கள். என் கோபம் அந்த 'மூணாவது பிள்ளை' என்ற வார்த்தை மேல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். 1978-ல் மத்திய அரசு விலங்குகளைக் கொண்டுசெல்ல விதிகள் போட்டது. அதில் நாய்க்கும் பூனைக்கும் தனிப் பகுதி உண்டு. தூரப் பயணம் என்றால் கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். வளர்ந்த நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு, குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிளம்புவதற்கு முன் நடக்கவிட வேண்டும். ரயிலிலும் லாரியிலும் கூண்டில் போகிற நாய்க்கு இவ்வளவு மரியாதை. பெங்களூரிலிருந்து இங்கே வர சுமார் 4 மணி நேரம். அதாவது சரக்காக வந்திருந்தால் அந்த லாப்ரடாருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். பிள்ளையாக வந்ததால் கிடைக்கவில்லை!

லாரி ஓட்டுபவருக்கும் சட்டம் இருக்கிறது. 5 மணி நேர வேலைக்கு மேல் போனால் அரை மணி நேர ஓய்வு கொடுக்கணும் என்று 1961-ஆம் வருடச் சட்டத்திலேயே இருந்தது. நடைமுறையில் கிடைக்கிறதா என்பது வேறு சண்டை. ஆனால் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதையாவது எழுதி வைத்திருக்கிறார்கள்.

"கண்ணாடி இறக்கியிருக்கே" என்பவர்களுக்கு: 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் இல்லை. நம்ம ஊர் மே மாத வெயிலோடு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், மற்றதெல்லாம் மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும். சுற்றியிருக்கிற காற்றே சூடாக இருந்தால் மூச்சு வாங்கி என்ன பிரயோஜனம்?

"தெருநாய் எல்லாம் வெயில்லதான கெடக்குது?" இது அடுத்த கேள்வி. கிடையாது சார். தெருநாய் மதியத்தில் லாரிக்கு அடியில் இருக்கும், இல்லை டீக்கடைத் தண்ணீர் கொட்டுகிற ஈர மண்ணில் இருக்கும். அதுக்கு இடம் தேடிப் போகக் கால் இருக்கிறது. உங்கள் நாய் பூட்டிய கதவுக்குள் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டம் பயமுறுத்துமா? 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அவர்கள் சாப்பிட்ட பஜ்ஜிக்கே அதற்கு மேல் பில் வந்திருக்கும்.

நாலுவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிய பிறகு ரோட்டோரம் நிழலும் குறைவு. ஓமலூரிலும் ராசம்பாளையத்திலும் சுங்கம் வாங்குகிறார்கள். அங்கே நாலு வேப்பமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைக்க எவ்வளவு ஆகிவிடும்? கேட்க வேண்டியதுதான். ஆனால் அது வரும்வரை காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பைபாஸ் ஓரத்தில் வேண்டாம், ஊருக்குள் திரும்பும் ரோட்டில் நிழல் பார்த்து நிறுத்துங்கள். முதலில் கயிறு, அப்புறம் கதவு. புறங்கையைத் தார் ரோட்டில் 5 வினாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். டீயை ஆள் மாற்றி ஆள் குடியுங்கள், ஒருவர் நாயோடு இருக்கட்டும். நாய் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, உடனே டாக்டரிடம் போங்கள். இந்த ரோட்டில் வருகிற நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இதெல்லாம் முடியாது என்றால் நாயை வீட்டில் ஆள் வைத்து விட்டுவிட்டு வாருங்கள். கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றால், தயவுசெய்து பிள்ளை என்று மட்டும் சொல்லாதீர்கள். சரக்கு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீராவது கிடைக்கும்.