சுவரில் தொங்கும் சூப் டின்

மாவனல்லையிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் அண்மைக்காலமாக எழும்பும் புதிய வீடுகள் சிலவற்றினுள் நுழைந்தால், ஹோலில் முதலில் கண்ணில் படுவது அலுமினியத் தகட்டில் அச்சிட்ட படம்தான். நான்கு நிறங்களில் மர்லின் மன்றோவின் முகம், அல்லது கேம்பல் சூப் டின், அல்லது கண்ணீர் சிந்தும் சித்திரக்கதைப் பெண். எதிர்ச் சுவரில் அதே அளவில், அதே பளபளப்பில் ஆயத்துல் குர்ஸி. இரண்டும் ஒரே தொழில்நுட்பம். சாயத்தைத் தாளில் அச்சிட்டு, பூச்சிட்ட தகட்டின் மேல் வைத்து ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்தினால், சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். கழுவினாலும் போகாது.

'இது நவீன ரசனை' என்கிறார் வீட்டுக்காரர். 'உருவப்படம் கூடாது' என்கிறார் மௌலவி. விவாதம் அத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ இருவரோடும் பிணக்கு உண்டு.

முதலில் வீட்டுக்காரர். 1956 இல் லண்டன் வைட்சப்பல் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹமில்டன் ஓர் ஒட்டுப்படம் செய்தார். பொப் கலையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதில் இருப்பது ஒரு நவீன ஹோல். தொலைக்காட்சி, ஒலிப்பதிவுக் கருவி, மேசையில் டின் இறைச்சி, சுவரில் சட்டமிட்ட சித்திரக்கதை அட்டை. பண்டங்களால் வீட்டை நிரப்பிக்கொண்டவர்களைப் பார்த்துச் சிரித்த படம் அது. அதே சித்திரக்கதையை அதே மாதிரி ஹோலில் மாட்டி வைத்துவிட்டு நாம் ரசனையைப் பற்றிப் பேசுகிறோம். சிரிப்பு யாரைப் பார்த்து என்பதையாவது விளங்கிக்கொள்ள வேண்டாமா?

அன்டி வோர்ஹோல் 1962 இல் லொஸ் ஏஞ்சலிஸில் 32 சூப் டின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவை கன்வஸில் கையால் வரையப்பட்டவை. தன் நாட்டுக் கடைத் தட்டில் எல்லோரும் தினமும் காணும், ஆனால் யாரும் உற்றுப் பார்க்காத ஒன்றை அவர் பார்க்க வைத்தார். பொப் கலை தரும் பாடம் இதுதான்: உன் கடைத் தட்டைப் பார். நாமோ அவருடைய கடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கேம்பல் சூப் எம்மில் எத்தனை பேரின் வயிற்றுக்குள் போயிருக்கிறது? டின் மீனும் டின் பாலும் அல்லவா நாம் வளர்ந்த டின்கள்!

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர் இந்நாட்டிலேயே இருக்கிறார். யுத்த காலத்தில் கொழும்பின் சோதனைச் சாவடிகளில் அடுக்கி வைத்த பீப்பாய்களை சந்திரகுப்த தேனுவர தன் கலைப்பொருளாக்கினார். 1997 இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு 'பீப்பாயிசம்' என்றே பெயர் வைத்தார். அதுவும் உலோகம்தான். ஆனால் அது நாம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற உலோகம்.

அடுத்து மௌலவி. உயிருள்ளதா இல்லையா என்பது மட்டுமே அளவுகோல் என்றால், மன்றோ இறங்குவார். சூப் டின் சுவரிலேயே இருக்கும். அத்தோடு வேலை முடிந்ததா? சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும்படி இறைவசனம் தெரிவு செய்யப்படுவதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை? ஓதப்பட வேண்டியது அலங்காரமாகிவிட்டதே, அது கவலைக்குரியதில்லையா? பூவும் மலையும் வீதியும் வரையும் பிள்ளையைக்கூட 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டுக் கேட்டே தூரிகையைக் கீழே வைக்கச் செய்கிறோம். பிறகு வெறுமையான சுவருக்கு அமெரிக்காவிலிருந்து படம் வருகிறது.

2001 மே மாதம் இந்நகரில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, பள்ளிவாசலும் தப்பவில்லை. தீயில் நெளிந்த தகடு எப்படி இருக்கும் என்று எம்மவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதை வரைந்த ஒரு படத்தை இங்கே எந்த ஹோலிலும் நான் கண்டதில்லை. உதுவன்கந்தையில் ஒளிந்து திரிந்து, 1864 மே 7 இல் கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்ட சரதியேலும் மம்மலே மரிக்காரும் எந்தச் சித்திரக்கதைக்குக் குறைந்தவர்கள்? ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து நின்ற கதை, இந்த ஊருக்கு இன்று தேவையில்லையா?

இதற்காகப் பிலிமத்தலாவைப் பித்தளை யானையை வாங்கி மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உல்லாசப் பயணிக்காகச் செய்யப்பட்ட இன்னொரு பண்டம். அலுமினியத் தகட்டோடும் எனக்குப் பகையில்லை. ரோய் லிக்டென்ஸ்டைனே 1960களில் உருக்குத் தகட்டில் எனாமல் ஓவியங்கள் செய்தவர்தான். 'எங்கள் பிள்ளைகளின் படங்கள் அந்தத் தரத்தில் இல்லையே' என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. வாங்குவார் இல்லாமல் எந்தக் கலை தரம் கண்டது?

சித்திரப் பாடத்தில் 'ஏ' சித்தி எடுத்த பிள்ளைகள் எமது பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் படிப்பித்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வீடு கட்டும் ஹாஜியார்மார் அவர்களிடம் ஒரு படம் கேட்கட்டும். அதற்குரிய கூலியைக் கொடுக்கட்டும். விரும்பினால் அதையே தகட்டில் அச்சிட்டு, வரைந்தவரின் பெயரையும் கீழே போடட்டும். ஊரில் கலைக்கூடம் இல்லையே என்று இனியும் காரணம் சொல்லத் தேவையில்லை. இத்தனை ஹோல்கள் இருக்கின்றனவே, போதும்.