கரன்ட் வந்து 40 வருஷத்துக்கு மேல ஆச்சு... கும்மிடிப்பூண்டி ரயில் இன்னும் ஏன் நடுவழியில நிக்குது?

காலை நேரம். மீஞ்சூரில் ஏறியவர் 9 மணிக்குள் பீச் ஸ்டேஷனில் இறங்கியாக வேண்டும். வண்டி எண்ணூர் தாண்டி வந்து திடீரென நிற்கிறது. ஸ்டேஷனும் இல்லை, அறிவிப்பும் இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகப் போகிறது. "மேல கரன்ட் கம்பி இருக்கு, வண்டியும் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் நிக்குது?" என்பதுதான் வடசென்னைப் பயணிகளின் அன்றாடக் கேள்வி.

பதில் இதுதான்: ரயிலை ஓட வைப்பது மின்சாரம். ஆனா அது எப்போ ஓடணும், எத்தனை ஓடணும்னு முடிவு பண்றது சிக்னலும் தண்டவாளமும்தான். விரிவாகப் பார்க்கலாம்.

முதல் ரயில் இங்கே... முதல் கரன்ட் அங்கே!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்த ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

ஆனால் மின்சார ரயில் முதலில் வந்தது தெற்குப் பக்கம். பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி பாதைக்கு மின்சாரம் வந்தது 1979-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி!

மின்மயமாக்கல் என்றால் கம்பம் நட்டு கம்பி இழுப்பது மட்டும் இல்லை. மேலே ஓடுவது 25,000 வோல்ட். ரயிலை இழுத்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகும். ரயில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சிக்னல் சர்க்யூட்டும் அதே தண்டவாளத்தைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டும் கலந்துவிட்டால் சிக்னல் தப்பாகக் காட்டும் அபாயம் உண்டு. அதனால் ஒரு பாதையை மின்மயமாக்கும்போது சிக்னல் சர்க்யூட், கேபிள் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றியே ஆக வேண்டும்.

ஒரே பாதை... எத்தனை பேர் வரிசையில்?

இது வெறும் புறநகர் ரயில் பாதை இல்லை. சென்னையில் இருந்து விஜயவாடா வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ்கள் இந்த வழியாகத்தான் போகின்றன. அவற்றோடு,

* சென்னைத் துறைமுகத்தின் சரக்கு
* 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் சரக்கு
* மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி
* தண்டையார்பேட்டை யார்டுக்கு வந்து போகும் வேகன்கள், கன்டெய்னர்கள்

எல்லாமே இதே பக்கம்தான். 58 வேகன் கொண்ட ஒரு நிலக்கரி ரயிலின் நீளம் சுமார் 650 மீட்டர். அது ஒரு தண்டவாளத்தில் இருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே மாறி முடிக்கும் வரை, பின்னால் வரும் மின்சார ரயில் காத்திருக்கத்தான் வேண்டும்.

அத்திப்பட்டு வரைக்கும் கூடுதல் தண்டவாளங்கள் கை கொடுக்கின்றன. அதைத் தாண்டி கும்மிடிப்பூண்டி வரை போக ஒன்று, வர ஒன்று என இரண்டு பாதைகளை நம்பித்தான் இத்தனை போக்குவரத்தும். 3, 4-வது பாதை வேண்டும் என்பது பயணிகளின் நீண்ட நாள் கோரிக்கை.

சிக்னலை மாற்றினால் என்ன லாபம்?

பழைய முறையில், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு திசையில் ஒரு ரயில்தான் இருக்கலாம். உதாரணத்துக்கு, இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே 4 கி.மீ. தூரம், ரயிலின் சராசரி வேகம் 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போன ரயில் அடுத்த ஸ்டேஷனை அடைய 6 நிமிடம் ஆகும். அதுவரை அடுத்த வண்டி கிளம்பவே முடியாது.

தானியங்கி சிக்னல் முறையில் அதே 4 கி.மீ. தூரம் ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டராகப் பிரிக்கப்படும். ரயில் கடந்ததும் அதன் பின்னால் சிவப்பு விழும். அதற்குப் பின்னால் மஞ்சள், அப்புறம் இரட்டை மஞ்சள், அதற்கும் பின்னால் பச்சை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுக்கத் தேவையில்லை. புதுசா ஒரு தண்டவாளம்கூட போடாம, அதே பாதையில அதிக ரயில்களை விட முடியும்.

அப்போ வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டியதுதானே?

இங்கேதான் கவனம் தேவை. ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் சிக்னலை மாற்றுவது, குடித்தனம் இருக்கும் வீட்டில் வயரிங் மாற்றுவது மாதிரி. ஒரு வயர் இடம் மாறினாலும் விபரீதம்தான்.

2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்தது அதுதான். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போக பச்சை சிக்னல் கிடைத்தது. ஆனால் பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியதில் தொடங்கிய விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் சர்க்யூட் மாற்றும் பணியில் நடந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அந்த ரயில் ஒழுங்காக வந்திருந்தால், கும்மிடிப்பூண்டி, எண்ணூர் வழியாகத்தான் சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

கவரைப்பேட்டை சொல்லும் பாடம்

அடுத்த ஆண்டே, 2024 அக்டோபர் 11-ம் தேதி இரவு, இதே கும்மிடிப்பூண்டி பாதையில் கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பலர் காயமடைந்தனர். நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பாலசோர் மாதிரியே இருந்தாலும் காரணம் வேறு. பாயின்ட்டின் பாகங்கள் வேண்டுமென்றே கழற்றப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது.

'கவச்' இருந்திருந்தால் தடுத்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது எழுந்தது. சிவப்பு சிக்னலைத் தாண்டினாலோ, அனுமதித்த வேகத்தை மீறினாலோ லோகோ பைலட்டை எச்சரித்து, அவர் கவனிக்காவிட்டால் தானாகவே பிரேக் போடும் உள்நாட்டுத் தொழில்நுட்பம்தான் கவச். மிக அவசியமானது. ஆனா எல்லா நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. தண்டவாளத்தின் போல்ட்டையே கழற்றினால், அதைக் கண்டுபிடிக்க ரோந்தும் கண்காணிப்பும்தான் வேண்டும்.

பயணிகளுக்கு இதில் என்ன?

2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. கத்திவாக்கம், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி மக்களுக்கு? இன்றும் இந்த மின்சார ரயில்தான். ஒரு வண்டி ரத்தானால், தினக்கூலிக்காரருக்குப் போவது அரை நாள் சம்பளம்.

அதனால் 'பராமரிப்புப் பணி காரணமாக ரயில்கள் ரத்து' என்ற அறிவிப்பு வரும்போது எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் ரயில்களை நிறுத்தாமல் அவசர அவசரமாக வேலை பார்ப்பதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. எந்த ரயில் ரத்து என்பதை முன்கூட்டியே சொல்லணும். அந்த நேரத்துக்கு மாற்றுப் பேருந்து விடணும். பாதையைத் திறக்கும் முன்னால ஒவ்வொரு பாயின்ட்டையும் சோதிச்சுப் பார்க்கணும். இவைதான் கேட்க வேண்டியவை.

1979-ல் வந்த மின்சாரம் இந்தப் பாதைக்கு வேகம் கொடுத்தது. அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்த இடமும் பாதுகாப்பும் கிடைக்கும்போதுதான், மீஞ்சூரில் ஏறியவர் 9 மணிக்குள் பீச்சில் இறங்குவார்.