வெயில் குடிக்கும் நூல்

பைக் சீட் கவர் தைக்கும் கடைகளில் வாசலோரம் வெயிலில் கலர் கலராக நூல் கோன்களை அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே, எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். கலர் கண்ணில் பட்டால்தான் வியாபாரம் என்பார்கள், சரி. ரெக்சினைத் தடவித் தடவிப் பார்க்கிற நாமும் நூலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லையே; சீட்டு முதலில் வாய் பிளப்பதோ பெரும்பாலும் தையலில்தான். நைலான் கெட்டி, உரசலையும் தாங்கும், ஆனால் வெயில் அதற்கு ஆகாது. நாளெல்லாம் வெயிலில் நிற்கிற வண்டிக்கும் தார்ப்பாய்க்கும் பாலியஸ்டர்தான் சரி. நூலின் தடிமனைச் சொல்வது டெக்ஸ் எண்; டெக்ஸ் 70 என்றால் 1000 மீட்டர் நூல் 70 கிராம். எண் கூடக் கூட நூல் தடிக்கும், ஊசியும் பெரிதாக வேண்டும். (ஊசியை மாற்றாமல் நூலைத் திட்டுகிற டெய்லர்கள் உண்டு.) வாங்குமுன் ஒரு முழம் உருவி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் மேல்சுற்று இற்றுப்போயிருக்கிறது. சில சுற்றுகளைக் கழித்தால் உள்ளே நல்ல நூல் கிடைக்கவும் கூடும். வீட்டில் வைத்துக்கொள்ள மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின் போதும். வெளிச்சம் படாது, தூசியும் அண்டாது. தூசி படிந்த நூல் மெஷினின் டென்ஷன் தட்டுகளுக்கிடையே அழுக்கைச் சேர்த்துத் தையலைக் கோணலாக்கிவிடும்.