வௌவால் பூவைக் காட்டிலிருந்து பெயர்க்க வேண்டாம்



வௌவால் பூவைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டுக் காட்டுப் பூதான். மலாய்க்காரர்கள் கெலாடி மூராய் என்பார்கள். அகன்ற இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு. தண்டின் தலையில் முயல் காது மாதிரி இரண்டு வெள்ளை மடல். அதன் கீழே கருஞ்சிவப்பில் பூக்கள், சாண் நீளத்துக்குத் தொங்கும் மீசை. சாமிக்கு வைக்கிற பூ இல்லை, தலையிலும் சூட முடியாது. ஆனாலும் ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

இந்த மீசைதான் அதற்கு வினை. அழகுக்கு வைக்க ஆசைப்பட்டுக் காட்டோரத்தில் கிழங்கோடு பெயர்த்து வருகிறார்கள். கேட்டால், "காட்டில் சும்மா கிடக்கிறதுதானே" என்கிறார்கள். சும்மா கிடக்கவில்லை ஐயா. காடு போய்ச் செம்பனை வந்த இடத்தில் அதற்குப் பிழைப்பில்லை. வெயில் பட்டால் இலை கருகும். தப்பினாலும் புல் மருந்து விடாது. பாராக்குவாட்டை 2020-இல் தடை செய்தார்கள், நல்லது, தெளிப்பு நின்றுவிடவில்லையே. மிச்சமிருக்கிற காட்டுக்குள்ளும் நாமே மண்வெட்டி கொண்டு போனால் எப்படி? நிரந்தர ஒதுக்குக் காட்டில் லைசென்ஸ் இல்லாமல் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்க்கத்தான் வேண்டும். வீட்டில் வளர்ப்பவரிடம் ஒரு கிழங்குத் துண்டு கேளுங்கள், முளை இருக்கிற துண்டாக. வெட்டின இடத்தில் கரித்தூள் தடவி நடுங்கள். விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பொறுமை வேண்டும்.

மக்கிய இலை, ஆற்று மணல், கொஞ்சம் கரித்துண்டு, இதுதான் மண். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. குளிக்கிற இடத்துச் சோப்புத் தண்ணியை விடாதீங்க. ரம்புத்தான் மர நிழல் போதும். இந்த இலை என்றால் நத்தைக்கு ரொம்பப் பிரியம். ராத்திரி விளக்கோடு போய்ப் பொறுக்கிப் போடுங்கள். மருந்து வேண்டாம். மருந்தடித்தே காலம் தள்ளிய அக்காமார்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா?

தரையைவிடத் தொட்டியே மேல் என்பேன். மேம்பாடு என்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது எத்தனை வீட்டு முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கேயே நின்றுபோயின! அடுக்குமாடிக்குப் போன பெண்கள் வெயில் இல்லை, ரோஜா வரமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார்கள். அந்த நிழல்தான் இந்தச் செடி கேட்பது. லாரியில் ஏற்றும்போது மட்டும் இலைமேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு மூடுங்கள்.