பூச்சியத்திலேயே நிற்கிற வெப்பமானி

"நீ ஆர்ட்ஸ்தானே படிக்கிறாய், உனக்கு ஏன் உந்தக் கரண்ட் விஷயம்?"

புவியியல் பாடத்துக்கு ஒப்படை எழுதிக்கொண்டிருந்த இரவில் அறை நண்பன் கேட்டான். அவனில பிழை சொல்ல ஏலாது. காலநிலை மாற்றம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் லப்டொப் திரையில் துருவக்கரடியும் இல்லை, உடைந்து விழும் பனிப்பாறையும் இல்லை. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, பற்றிக் துணி மாதிரி ஒரு படம். சுவிற்சர்லாந்தில் ஒரு மலைச்சரிவுக்குள் மின்னோட்டம் அனுப்பி எடுத்த படம் அது.

அவனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ஓ.எல் விஞ்ஞானத்தில் ஒரு பரிசோதனை செய்திருப்பீர்கள். முகவைக்குள் ஐஸ் போட்டு, வெப்பமானியை வைத்து, மெதுவாகச் சூடாக்குவோம். ஐஸ் உருகிக்கொண்டே போகும். வெப்பமானி மட்டும் 0 பாகையை விட்டு அசையாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிறது. எல்லாம் தண்ணியான பிறகுதான் வெப்பநிலை ஏறத் தொடங்கும். மறைவெப்பம் என்று பாடமாக்கி எழுதி, மார்க்ஸ் வாங்கி, மறந்தும் விட்டோம்.

இப்போது அந்த முகவைக்குப் பதிலாக ஒரு மலையை யோசியுங்கள். குறைந்தது 2 வருடங்கள் தொடர்ந்து 0 பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தைத்தான் நிரந்தர உறைநிலம் என்கிறார்கள். பேர்மாஃப்ரொஸ்ட் என்று செய்திகளில் வருவது இதுதான். வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு அடியில் இது இருக்கிறது. சைபீரியா, அலாஸ்கா, கனடாவின் வடக்கு, கூடவே அல்ப்ஸ் மாதிரி உயர்ந்த மலைகள். இந்த நிலத்தைக் கண்காணிக்கிற வழக்கமான முறை, துளையிட்டு உள்ளே வெப்பமானிகளை இறக்குவது. அவை அருமையான தரவு தருகின்றன. ஆனால் முகவையில் நடந்த அதே சிக்கல் இங்கேயும் உண்டு. நிலம் பூச்சியத்துக்கு மிகக் கிட்ட வந்துவிட்டால், உள்ளே ஐஸ் தண்ணியாக மாறிக்கொண்டிருக்கும்போதும் வெப்பமானி வருடக்கணக்காகக் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டலாம். வெளியில் நின்று பார்ப்பவருக்கு "ஒண்டும் மாறேல்ல" என்றுதான் தோன்றும்.

இந்த இடத்தில்தான் கரண்ட் வருகிறது. உப்புக்கள் கரைந்த தண்ணி மின்னைக் கடத்தும், ஐஸ் அனேகமாகக் கடத்தாது. நிலத்தில் ஒரு கோடு நெடுக உலோகக் கம்பிகளைக் குத்துவார்கள். இரண்டு கம்பிகளால் மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டுக்கு இடையே வோல்ற்றளவைப் பார்ப்பார்கள். கம்பிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டக் கூட்ட, இன்னும் ஆழத்தின் தகவல் வரும். இப்படி எடுத்த நூற்றுக்கணக்கான அளவீடுகளைக் கணினியில் போட்டால் நிலத்தின் குறுக்குவெட்டு கிடைக்கும். ஈரமான மண்ணின் தடைத்திறன் சில பத்து முதல் சில நூறு ஓம் மீற்றர் வரை. ஐஸ் நிறைந்த நிலத்தில் அது பத்தாயிரத்தைத் தாண்டும், சில இடங்களில் பத்து இலட்சத்தையும் தொடும். எங்கட ஊர்களில் குழாய்க்கிணறு அடிக்க முன்னம் கம்பி குத்தி நிலத்தடி நீர் தேடுவதும் இதே அடிப்படையில்தான். அங்கே ஐஸைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் திரையில் இருந்த படம் ஷில்ட்ஹோர்ன் மலையினுடையது. உயரம் 2,970 மீற்றர். 1969இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தில் உச்சியில் சுழலும் உணவகம் ஒன்று வருமே, அந்த மலை. உல்லாசப் பயணிகள் கேபிள் காரில் ஏறிப்போய் கோப்பி குடிக்கிற உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் சுமார் 60 மீற்றர் நீளக் கோட்டில் மின்வாய்களை நிரந்தரமாகப் பதித்து, 1999 முதல் அளந்து வருகிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலைக்குப் பிறகு அங்கே தடைத்திறன் கடுமையாக விழுந்தது. ஐஸ் போய்த் தண்ணி வந்திருக்கிறது என்பதை, மலையைத் தோண்டாமலே பார்க்க முடிந்தது. 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று அல்ப்ஸில் இப்படி நிரந்தரமாக அமைத்த 6 தளங்களை ஒப்பிட்டது. அவற்றில் மிக நீண்ட பதிவு 19 வருடங்கள். போக்கு தெளிவாக இருந்தது: உறைநிலம் சிதைகிறது.

இதை வாசித்தபோது எனக்குப் பட்டதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இந்தத் துறையில் பெறுமதியான பொருள் கருவி இல்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற வேலைதான் பெறுமதி. அதற்குத்தான் காசும் மரியாதையும் கிடைக்க வேண்டும்.

ஏன் என்றால், ஒரே ஒரு தடவை அளந்த படம் சுலபமாக ஏமாற்றும். பாறைகளுக்கு இடையில் இருக்கும் காற்றும் ஐஸ் மாதிரியே மின்னைத் தடுக்கும். காய்ந்த பாறையும் அப்படித்தான். ஒரே அளவீட்டுக்குப் பொருந்தக்கூடிய நிலத்தடிப் படங்கள் பல இருக்கலாம், கணினி தருவது அவற்றில் ஒன்று. ஷில்ட்ஹோர்னில் ஐஸ் குறைவு என்பதால் எண்கள் சில ஆயிரம் ஓம் மீற்றர் அளவில்தான் நிற்கின்றன. அதே எண் வேறொரு மலையில் உருகிய நிலத்தைக் குறிக்கலாம். அதனால்தான் துளைக்கிணற்றின் வெப்பநிலையையும், நிலநடுக்க அலைகளை வைத்துச் செய்யும் அளவீட்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்கள். ஆனால் அதே கம்பிகளால் அதே கோட்டில் 20 வருடம் அளந்தால், பாறை மாறாது, கோடு மாறாது. மாறுவது ஐஸும் தண்ணியும்தான். வித்தியாசம் பேசத் தொடங்கும்.

பிரச்சினை என்னவென்றால், திரும்பப் போய் அளப்பது யாருக்கும் கவர்ச்சியான வேலை இல்லை. ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று நாலு வருடத்துக்குத்தான் காசு. மாணவர் பட்டம் முடித்துப் போய்விடுவார். கம்பி எங்கே குத்தினது என்ற குறிப்பு யாருடையவோ கணினியில் கிடந்து அழியும். நல்ல விஷயம், உறைநிலத்தில் செய்த பழைய மின் அளவீடுகளைத் தேடிச் சேர்த்து, அதே இடங்களில் மீண்டும் அளந்து ஒப்பிடுவதற்கான சர்வதேசத் தரவுத்தளம் ஒன்றை ஆய்வாளர்கள் இப்போது கட்டி வருகிறார்கள். எவ்வளவோ காலத்துக்கு முன் யாரோ ஒழுங்காக எழுதி வைத்த குறிப்பு, இன்றைக்கு ஒரு மலையின் சாட்சியமாகிறது.

சாட்சியம் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நொரில்ஸ்க் நகருக்கு அருகே மின்நிலையம் ஒன்றின் எரிபொருள் தாங்கி உடைந்தது. 20,000 தொன்னுக்கு மேல் டீசல் கொட்டி, மண்ணிலும் ஆறுகளிலும் கலந்தது. ஆறு சிவந்து ஓடிய செய்மதிப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். நொர்னிக்கல் நிறுவனம், தாங்கியின் தூண்கள் திடீரென அமிழ்ந்தன, உறைநிலம் உருகியது காரணமாக இருக்கலாம் என்றது. பராமரிப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் ஏறத்தாழ 2 பில்லியன் டொலர் நட்டஈடு விதித்தது.

எனக்கு உறுத்துவது அந்தத் "திடீரென" தான். நிலம் அப்படித் திடீரென உருகுவதில்லை. வெப்பம் உள்ளே இறங்க வருடங்கள் எடுக்கும். அடியில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் அளந்து, அந்தத் தரவை எல்லாரும் பார்க்கக்கூடியதாக வைத்தால், காலநிலை மாற்றத்தை ஒரு சாட்டாகச் சொல்லிவிட்டுத் தப்புவது கஷ்டம். உருகினதா என்பதோடு, உருகுவது தெரிந்திருந்ததா, தெரிந்தும் என்ன செய்தீர்கள் என்றும் கேட்கலாம். அளவீடு விஞ்ஞானிகளின் வேலை. ஆனால் இந்தக் கேள்விகள் சட்டத்தினதும் அரசியலினதும். அதாவது ஆர்ட்ஸ் படிக்கிற எங்களுடையதும்.

"ஐஸ் எண்டால் ஐஸ்பழம் மட்டும் தெரிஞ்ச நாட்டில இருந்து உதெல்லாம் ஏன்?" என்றும் நண்பன் கேட்டான். நிரந்தர உறைநிலத்துக்குள் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன் அடைபட்டிருக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் ஒரு பகுதி வெளியே வந்தாலும் அந்த வாயு விசா எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. சைபீரியாவில் கிளம்புவது எங்கட வளிமண்டலமும்தான்.

ஆகவே அடுத்த தடவை "வெப்பநிலை பெரிசா மாறேல்ல" என்ற செய்தியை வாசித்தால், அந்த ஓ.எல் முகவையை ஒருக்கா நினையுங்கள். வெப்பமானி பூச்சியத்தில் நின்ற அந்த நேரம்தான் ஐஸ் முழுவதும் தண்ணியானது.

ஒப்படைக்கு இன்னும் மார்க்ஸ் வரவில்லை. நண்பன் மட்டும் அந்தப் பற்றிக் படத்தை ஃபோனில் அனுப்பச் சொல்லியிருக்கிறான்.